மூளையின் சக்தியையும் திட்டமிடுவோம்



க.பொ.த. (சா/த) பரீட்சைக்குத் தயாராகும் மாணவர் பலரும் நேர அட்டவணை வைத்திருப்பர். ஆயினும், "நள்ளிரவு வரை படித்தேன், காலையில் ஒன்றும் ஞாபகமில்லை" என்று கவலைப்படுவோர் பலர். நேரம் இருந்தும் மூளை களைத்திருப்பது இதற்கு முக்கிய காரணமாகும்.

உடல் நிறையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது பெறுகின்றது. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, அடினோசின் என்னும் பதார்த்தம் மூளையில் சேர்ந்து நித்திரை உணர்வைத் தூண்டுகின்றது. தேநீர், கோப்பி என்பவற்றிலுள்ள கபேயின் இதன் தொழிற்பாட்டைச் சிறிது நேரம் தடுக்கின்றதேயன்றி, களைப்பை நீக்குவதில்லை. நித்திரையே அதனை நீக்கும்.

எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. கடினமான பாடத்திற்குத் தெளிவான வேளை
கணிதம் போன்ற சிந்தித்துச் செய்யும் பாடங்களை மனம் தெளிவாக உள்ள வேளையில் செய்யுங்கள். சிலருக்கு அது அதிகாலை; சிலருக்கு மாலை. மதிய உணவின் பின் பலருக்குச் சோர்வு ஏற்படும். அவ்வேளையில் படம் வரைதல், குறிப்புகளை ஒழுங்குபடுத்தல் போன்ற இலகுவான வேலைகளைச் செய்யலாம்.

2. இடைவேளை
40 அல்லது 45 நிமிடம் படித்தபின் 5 தொடக்கம் 10 நிமிடம் எழுந்து நடவுங்கள், நீர் அருந்துங்கள். கைத்தொலைபேசியைப் பார்ப்பது மூளைக்கு ஓய்வாகாது.

3. ஒரு நேரத்தில் ஒரு வேலை
தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே படித்தால் கவனம் மாறி மாறிச் செல்லும். ஒவ்வொரு மாற்றத்திலும் நேரமும் சக்தியும் வீணாகும்.

4. போதிய நித்திரை
உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியால நித்திரை தேவை. பகலில் கற்றவை நினைவில் உறுதியாகப் பதிவது நித்திரையின்போதே. பிரத்தியேக வகுப்பு முடிந்து இரவில் வீடு திரும்பும் நாளில் புதிய அலகைத் தொடங்காது, அன்று கற்றதை மட்டும் மீட்டுவிட்டு உறங்குங்கள்.

கவனிக்க: கணித வினாத்தாள் II இற்கு மூன்று மணித்தியாலம் விடையளிக்க வேண்டும். முதல்நாள் இரவு விழித்திருந்தவர், தெரிந்த கணக்கிலும் கூட்டல் கழித்தலில் பிழைவிட்டுப் புள்ளிகளை இழக்கலாம்.

செயற்பாடு: மூன்று நாட்களுக்கு, மணித்தியாலத்திற்கு ஒரு தடவை உங்கள் மனநிலையைத் "தெளிவு", "நடுத்தரம்", "களைப்பு" எனக் குறித்துவையுங்கள். பின்னர் அதற்கேற்ப உங்கள் நேர அட்டவணையைத் திருத்தி அமையுங்கள்.