வரவில்லையா? விடவில்லையா?

தோழர்களே! "அமெரிக்க மக்கள் வாக்குச் சாவடிப் பக்கமே தலைகாட்டுவதில்லை" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. 2014-ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலிலே, தகுதி பெற்றோரில் 100-க்கு 37 பேர்கூட வாக்களிக்கவில்லை. நூறாண்டு காணாத கூட்டம் திரண்ட 2020-லேயும் 66 பேர்தான்! சோம்பலா? சலிப்பா? அவையும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை மட்டுந்தானா?

நிறம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870-லேயே அரசியல் சட்டத்தில் எழுதினர். ஏட்டிலே உரிமை, நாட்டிலே மறுப்பு! தென் மாநிலங்களிலே கருப்பின மக்களைப் பார்த்து, "வரி கட்டிவிட்டு வா" என்றனர். "படிக்கத் தெரியுமா?" என்றனர். தெரியும் என்றால், "சட்டத்தின் இந்தப் பகுதிக்குப் பொருள் கூறு" என்றனர். கூறிய பொருள் சரியா, தவறா? தீர்ப்பளிப்பவர் வெள்ளை அதிகாரி! பட்டம் பெற்ற கருப்பரும் 'தேறவில்லை'!

1964-லே மிசிசிப்பி மாநிலத்தில், வாக்களிக்கும் வயதுடைய கருப்பரில் 100-க்கு 7 பேர்கூடப் பட்டியலில் இல்லை. 1965 மார்ச் 7-ஆம் நாள், அலபாமாவின் செல்மா நகரிலே, வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் பாலத்தருகே தடியால் அடித்தனர். கண்ணீர்ப் புகை வீசினர். சிந்திய குருதி வீண்போகவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலே வாக்குரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசின் அதிகாரிகளே நேரில் சென்று பெயர் பதிந்தனர். 1967-லே மிசிசிப்பியில் பதிவு பெற்ற கருப்பர் 100-க்கு ஏறத்தாழ 60 பேர்! அதே மண், அதே மக்கள். சோம்பலா நீங்கிற்று? பூட்டல்லவா உடைந்தது!

பூட்டு உடைந்தது, தாழ்ப்பாள்? 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் செவ்வாய்க்கிழமைதான் தேர்தல் — உழைப்பவன் வேலைக்குப் போகும் நாள்! தண்டனை முடித்தோரில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை தர 2018-லே ஃப்ளோரிடா மக்கள் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டே, "அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டிய பிறகே" என்று சட்டமன்றம் நிபந்தனை போட்டது. பழைய வரிக்குப் புதுச் சட்டை!

கதவு திறந்த இடத்தையும் பாருங்கள். மின்னசோட்டாவிலே தேர்தல் நாளன்றே பெயர் பதியலாம், வாக்கும் அளிக்கலாம். 2020-லே அங்கே வாக்களித்தோர் 100-க்கு ஏறத்தாழ 80 பேர்!

வாராதவரைப் பழிக்குமுன், வாசலைப் பாருங்கள், தோழர்களே!