சித்திர நூல்களும் பௌத்தப் பண்பாட்டு அறிமுகமும்

வல்லத்திராக்கோட்டையில் மாலை வேளைகளில் என்னிடம் குர்ஆன் ஓத வரும் சிறுவன் ஒருவன், ஒரு நாள் படக்கதை நூல் ஒன்றைக் கொண்டு வந்தான். அரசமரத்தடியில் விழிமூடி அமர்ந்திருக்கும் புத்தரின் படத்தைக் காட்டி, “ஹஜ்ரத், இவங்களும் நபியா?” என்று கேட்டான். நூலை வாங்கி மூடி வைத்துவிடுவது எளிது. ஆனால் கேள்வி மூடிக்கொள்ளாது. பிற சமயத்தாரின் பண்பாட்டை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு அறிமுகம் செய்வது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இவ்வினா நம் அறிவுமரபுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ‘தஹ்கீக் மா லில் ஹிந்த்’ எழுதிய அல்பீரூனி, பௌத்த நூலோ பௌத்த அறிஞரோ தமக்குக் கிட்டவில்லை என்பதை ஒளிக்காமல் கூறினார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், ஈரானை ஆண்ட மங்கோலியரின் அமைச்சர் ரஷீதுத்தீன், காஷ்மீரப் பிக்கு கமலஸ்ரீயின் துணையோடு புத்தரின் வரலாற்றைத் தம் ‘ஜாமிஉத் தவாரீக்’கில் சேர்த்தார். ஹிஜ்ரி 714இல் (1314-15) எழுதப்பட்ட அதன் அரபுப் பிரதியில் புத்தர் வரலாற்றுக் காட்சிகள் ஓவியங்களாகவும் தீட்டப்பட்டுள்ளன. எனினும், தம் வாசகருக்குப் பழகிய சொற்களால் விளக்க முற்பட்ட அவர், புத்தரை நபியாகவும், பௌத்தர் கூறும் மாரனை இப்லீஸாகவும் எழுதினார். சிறுவன் கேட்ட கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளோடு விளையாடியதைக் கூறும் ஹதீஸைச் சான்றாகக் கொண்டு, சிறுவர் விளையாட்டுப் பொருள்களுக்குப் பலர் விலக்களித்தனர். இக்கால அறிஞர் சிலர் அதனைப் பாடநூற் படங்களுக்கும் பொருத்துகின்றனர்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். பாலி மொழி ஜாதகத் தொகுப்பில் 547 கதைகள் உள்ளன. அவற்றுட் சில, 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வழியாகவும், 1967இல் தொடங்கிய ‘அமர் சித்ர கதா’ வழியாகவும் படங்களோடு நம் வீடுகளுக்குள் வந்தன. அவற்றுள் முயல் கதையை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் உருவில் வந்த சக்கனுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாத முயல், தன்னையே உணவாக்கத் தீயில் பாய்ந்தது. தீ சுடவில்லை. அதன் ஈகையை உலகம் மறவாதிருக்கச் சக்கன் நிலவில் முயலின் உருவை வரைந்தான்.

இக்கதையை வாசிக்கும்போது ஆசிரியர் மூன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கதை போற்றும் பண்பு ஈகை. அது நமக்கும் உரியது. அம்முயல் புத்தரின் முற்பிறப்பு என்பது பௌத்தரின் நம்பிக்கை. மறுபிறவியை நாம் ஏற்பதில்லை. நம் உயிரும் அல்லாஹ்வின் அமானிதம். முதலிரண்டையும் மறைத்து மூன்றாவதை மட்டும் சொன்னால் வெறுப்பு மிஞ்சும். மூன்றாவதை விட்டுவிட்டால் குழப்பம் மிஞ்சும்.

சமயக் கதைகள் மட்டும் போதா. மக்களின் வாழ்வையும் காட்ட வேண்டும். இலங்கையின் சிபில் வெத்தசிங்க (1927-2020) எழுதி வரைந்து 1956இல் வெளியான ‘குட ஹொரா’ (குடைத் திருடன்) இதற்கு ஏற்றது. குடையே கண்டிராத சிங்களக் கிராமமொன்றில் வாழையிலையைத் தலைக்குமேல் பிடித்து மழையில் நடக்கும் மனிதரை அது காட்டுகிறது. குடைகளைத் திருடியது ஒரு குரங்கு என்று தெரியும்போது எந்தச் சமயத்துப் பிள்ளையும் சிரிக்கும்.

அந்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் தத்தம் சமயத்தையே பாடமாகக் கற்கின்றனர். அண்டை வீட்டாரின் சமயம் பாடத்தில் வருவதில்லை. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் நம் சகோதரர்கள் தாக்கப்பட்டதற்கு அரசியல் முதலிய காரணங்கள் பல. படநூல் அவற்றைத் தீர்த்துவிடாது. ஆயினும், முகமறியாதவரைப் பற்றிய பொய் எளிதில் நம்பப்படுகிறது. மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல இனங்களாக ஆக்கப்பட்டனர் என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் (49:13) கருத்து இங்கு நினைக்கத்தக்கது.

அச்சிறுவனிடம் நான் சொன்ன விடை இதுதான்: “குர்ஆன் பெயர் சொல்லாத நபிமார்களும் உண்டு. ஆனால் ஆதாரமில்லாமல் ஒருவரை நபி என்று நாம் சொல்லக்கூடாது. பௌத்தர்களும் இவரை நபி என்று சொல்வதில்லை, விழிப்படைந்தவர் என்கிறார்கள். புத்தர் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.” பிறகு நூலை அவனிடமே திருப்பித் தந்தேன்.