ராகத்தைச் சுடும் 43 நானோநொடி

காதை சிடி ரைட்டர் மேல் வைத்துக் கேளுங்கள். சர்ரென்று ஒரு சுழற்சி, ஒரு நொடி மௌனம், மறுபடி சர்ர். பதிவு இன்னும் தொடங்கவே இல்லை; உள்ளே ஒத்திகை நடக்கிறது! வெற்று சிடியின் சுருள் பள்ளம் மெலிதாக நெளிந்து நெளிந்து ஓடும். அந்த நெளிவுக்குள் வட்டின் ஜாதகமே இருக்கிறது: தயாரித்தது யார், எத்தனை நிமிடம் கொள்ளும், லேசருக்கு எவ்வளவு சக்தி வேண்டும். அதைப் படித்துவிட்டு, இதற்கென்றே மையத்தருகே ஒதுக்கிய இடத்தில் லேசர் பல சக்திகளில் சுட்டுப் பார்க்கிறது. தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிற மாதிரி!

பதியப்போவது அத்தையின் வீணை. பழைய கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய 42 நிமிடம். அத்தையின் காரில் சிடி பிளேயர்தான் இருக்கிறது.

“மெதுவாவே போடுப்பா. மெதுவாப் போட்டாத்தான் நல்லா விழும்னு சொல்வாங்களே!”

ஒரு காலத்தில் அது சரி. பாட்டு ஓடும் அதே வேகம்தான் 1எக்ஸ். 74 நிமிட வட்டுக்கு 74 நிமிடம். வேகத்தைக் கூட்டினால் கம்ப்யூட்டர் நடுவில் திணறும், வட்டு பாழாகும். 2000இல் சான்யோ அதற்கு ஒரு தடுப்பு கொண்டுவந்தது. இன்றைய 52எக்ஸ் வட்டில் லேசர் புள்ளி சுடுகிற சாயமோ வேகத்துக்கென்றே தயாரானது. ரொம்பவும் மெதுவாகப் போனால் சூடு பரவி, புள்ளியின் விளிம்பு கசியலாம். விளிம்புதான் இங்கே எல்லாமே! புள்ளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்துத்தான் பிளேயர் இசையைப் படிக்கிறது. அதற்காக 52க்கே தாவினால், வட்டு வெளி ஓரத்தை நெருங்கும்போது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றில் அதிரும்.

டேட்டா சிடியில் பிழை திருத்தக் கூடுதல் பைட்டுகள் உண்டு. ஆடியோ சிடியில் அந்த இடத்தையும் இசையே நிரப்பிக்கொள்கிறது. பிழை அளவு மீறினால் பிளேயர் அக்கம்பக்கத்து ஒலியை வைத்து ஊகித்து ஒட்டுப்போடும். அத்தையின் கமகத்தை ஒரு இயந்திரம் ஊகிக்க விடுவேனா?

16எக்ஸ். மறக்காமல் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’, முழு வட்டும் ஒரே மூச்சில். இல்லையென்றால் ராகத்துக்கும் தானத்துக்கும் நடுவே இரண்டு நொடி வெறுமை விழுந்துவிடும். அழுத்தியாயிற்று!

இப்போது மையத்தருகே நிமிடத்துக்கு 8,000 சுற்று. லேசருக்கடியில் பள்ளம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் பறக்கிறது. மிகச் சின்னப் புள்ளியின் நீளம் ஒரு மைக்ரான்கூட இல்லை. அதைச் சுட்டு முடிக்க 43 நானோநொடி! எத்தனை முறை செய்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

நாலு நிமிடத்துக்குள் தட்டு வெளியே வந்துவிட்டது. வட்டு இளஞ்சூடாக இருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்தால், பதிந்த பகுதி வேறு நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. பாதி அகலத்துக்கு மேல் இருக்கும்.

“இதுல தோடி எங்கப்பா இருக்கு?”

தோடிதான் முதல் ட்ராக். சிடி உள்ளேயிருந்து வெளியேதான் ஓடும். நடு வளையத்தை ஒட்டிய ஓரத்தைக் காட்டினேன். அத்தை விரலால் தொடாமல், காற்றிலேயே அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டார்.