உங்களுக்குத் தெரியுமா? கெலிசாவுக்கு நோய் வந்தால் முதல் மருந்து தண்ணீர்தான்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரைவீடானாலும், கெலிசா எனும் அரோவானா வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை:

◆ கெலிசா 90 செ.மீ. வரை வளரக்கூடிய வேட்டை மீன். பேராக், புக்கிட் மேரா ஏரியின் தங்கக் கெலிசா உலகப் புகழ் பெற்றது. 1975 முதல், அரிய உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் இம்மீனினத்தைப் பாதுகாக்கிறது.

◆ செவுள் மூடி சுருளுதல்: மூடியின் ஓரம் வெளிப்புறம் மடிந்து, உள்ளிருக்கும் சிவந்த செவுள் தெரியும். சிறிய தொட்டி, குறைந்த ஆக்சிஜன், தேங்கிய கழிவு ஆகியவை முக்கியக் காரணங்கள். தொடக்கத்தில் நீரை மாற்றி, நீரோட்டத்தைக் கூட்டினால் சரியாகலாம். முற்றிவிட்டால், மருத்துவர் மீனை மயக்கி, சுருண்ட ஓரத்தை வெட்டிவிடுவார். அது மீண்டும் வளரும்.

◆ செதில் சிலிர்ப்பு: வயிறு ஊதி, செதில்கள் அன்னாசித் தோல்போல் தூக்கி நிற்கும். பெரும்பாலும் உடலுக்குள் பாக்டீரியா பரவி, சிறுநீரகம் பழுதானதன் அடையாளம் இது. தாமதிக்கக் கூடாது.

◆ நங்கூரப் புழு: செதிலிடையே வெள்ளை நூலாகத் தொங்கும். உயிருள்ள இரைமீன்களோடு தொட்டிக்குள் நுழையும். இரைமீன்களைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது.

◆ குழாய் நீர்: அதிலுள்ள குளோரின் செவுளை அரிக்கும். குளோரின் நீக்கிய பிறகே ஊற்றுங்கள்.

மீன் இரை எடுக்கவில்லையா? ஆன்டிபயாடிக்கைத் தேடுமுன் அம்மோனியா, நைட்ரைட் அளவைச் சோதியுங்கள். இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். பேசத் தெரியாத உயிர் அது. அதன் வலியை நாம்தான் கவனித்துக் கண்டறிய வேண்டும்.