பாதையும் பாலமும்

அத்திலாந்திக் மாகடலை 1958இல் ஜெட் விமானங்கள் கடக்கத் தொடங்கியபின் பெருங்கப்பல்கள் தம் பயணிகளை இழந்தன. அத்தகைய மாற்றமொன்று நம் மட்டக்களப்பு வாவியிலும் நிகழ்ந்தது.

ஞாயிறு எழும் திசையில் எழுவான்கரை. படும் திசையில் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவி இவ்விரண்டையும் பிரிக்கின்றது. படுவான்கரையின் நெல்லும் தயிரும் சந்தைக்கு வரவும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கு அடியார் செல்லவும் மண்முனைத் துறையில் தோணியும், பின்னர் ‘பாதை’ எனப்படும் மிதவையுமே துணை செய்தன.

பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருத்தல் வேண்டும். அவ்வேளையில் விதைப்பும் விலையும் ஆராய்ந்தனர், சம்பந்தமும் பேசினர். ஆயினும், நள்ளிரவில் நோவு கண்ட தாய்க்கு அக்காத்திருப்பு இனிமையாகுமோ?

2014 ஏப்ரலில் யப்பானிய உதவியுடன் அமைந்த 210 மீற்றர் நீளமான மண்முனைப் பாலம் திறக்கப்பெற்றது. இன்று வாவியைக் கடத்தல் சில நிமிட வேலையே. பழைய பயணிகள் பாதையை நினைந்து பெருமூச்செறிந்தால் நாம் குறை கூறோம். அவர்கள் இழந்தது அயலாரோடு பேசியிருந்த பொழுதினையே. அதனைக் கோயில் வீதியிலும் சந்தையிலும் மீண்டும் தேடிக்கொள்ளலாம். துறையில் காலந்தாழ்ந்து போன உயிரை எவ்வாறு மீட்பது?