அமெரிக்காவில் மருத்துவச் செலவை யார் கட்டுகிறார்கள்?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்தார். கையில் நாலைந்து தாள்கள். அவருடைய உம்மா, அமெரிக்காவில் வசிக்கும் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தார்கள். போன நான்காவது வாரம் நெஞ்சுவலி வந்து, இரண்டு இரவு மருத்துவமனையில் இருக்கும்படி ஆயிற்று. அல்ஹம்துலில்லாஹ், நலமாகி ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனால் பின்னாலேயே பில்கள் வந்து சேர்ந்தன. மருத்துவமனைக்கு ஒன்று, அவசரப் பிரிவில் பார்த்த டாக்டருக்குத் தனியாக ஒன்று, ஆம்புலன்சுக்கு வேறொன்று. கூட்டி ரூபாயில் பார்த்தபோது எனக்கே பேச்சு வரவில்லை.

அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "மச்சான் நல்ல கம்பெனியில் இருக்கிறார், கம்பெனி இன்ஷூரன்ஸும் இருக்கிறது. அது ஏன் உம்மாவுக்குக் கிடைக்கவில்லை? அவ்வளவு பணக்கார நாட்டில் இலவச அரசு ஆஸ்பத்திரி கிடையாதா?"

நம் மஹல்லாவில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் பல. இந்தக் கேள்விகள் நாளை அவர்களுக்கும் வரலாம். ஆகவே அந்த நாட்டு மருத்துவ ஏற்பாட்டை, எனக்குத் தெரிந்தவரை எளிமையாக எழுதுகிறேன்.

ஒரே வாசல் இல்லாத வீடு

பிரிட்டனில் 1948 முதல் தேசிய சுகாதாரச் சேவை இருக்கிறது. வரிப்பணத்தில் நடக்கிறது, அங்கே வசிப்பவர் எல்லாருக்கும் அதுதான் வாசல். அமெரிக்காவில் அப்படி எல்லாருக்கும் பொதுவான ஒரு வாசல் இல்லை. ஒருவருடைய வயது, வேலை, வருமானம், குடியுரிமை நிலை, வசிக்கும் மாநிலம் ஆகியவற்றைப் பொறுத்து வாசல் மாறுகிறது. எந்த வாசலிலும் சேராதவர்களும் இருக்கிறார்கள்.

செலவு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 2023ல் அந்த நாடு மருத்துவத்துக்குச் செலவிட்ட தொகை 4.9 லட்சம் கோடி டாலர். ஆளுக்குச் சராசரியாக 14,570 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். இவ்வளவு செலவிட்டும் அதே ஆண்டில் சுமார் 2.6 கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. சராசரி ஆயுளும் 78.4 ஆண்டுகள்தான், ஜப்பான், கனடா, பிரான்ஸ் மக்களின் ஆயுளைவிடக் குறைவு.

வேலையோடு வரும் காப்பீடு

முதல் வாசல், வேலை. அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வேலை அல்லது வாழ்க்கைத் துணையின் வேலை வழியாகவே காப்பீடு பெறுகிறார்கள். இது யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அல்ல.

1929ல் டல்லாஸ் நகரில் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு ஏற்பாடு செய்தது. மாதம் 50 சென்ட் கட்டினால், தேவைப்படும்போது 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் என்பவர் கொண்டுவந்த இந்த ஏற்பாடுதான் பின்னர் 'புளூ கிராஸ்' என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ல், அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள், ஆட்களை ஈர்க்க மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகத் தந்தார்கள். முதலாளி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டாம் என்று 1954ல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அன்றிலிருந்து காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது.

2024ல் ஒரு குடும்பத்துக்கான கம்பெனிக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது சுமார் 6,300 டாலர்; மீதியைக் கம்பெனி கட்டுகிறது. வேலை போனால் இந்த ஏற்பாடும் போய்விடும். 'கோப்ரா' என்ற சட்டத்தின்படி, 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் வேலை இழந்தவர், பொதுவாக 18 மாதம் வரை அதே காப்பீட்டைத் தொடரலாம். ஆனால் கம்பெனியின் பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் அவரே கட்ட வேண்டும். வருமானம் நின்றுபோன மாதத்தில் அது எத்தனை பேரால் முடியும்?

அந்தச் சகோதரரின் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கம்பெனிக் காப்பீட்டில் 'குடும்பம்' என்றால் பொதுவாக ஊழியர், அவருடைய துணை, 26 வயது வரையுள்ள பிள்ளைகள். பெற்றோர் அதில் இல்லை. நமக்குக் குடும்பம் என்றால் உம்மா வாப்பாதான் முதலில் நினைவுக்கு வருவார்கள். அங்குள்ள காப்பீட்டுத் தாளில் அவர்களுக்கு இடம் இல்லை.

அரசு கட்டும் இடங்கள்

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டு திட்டங்கள் பிறந்தன.

ஒன்று மெடிகேர். 65 வயது நிரம்பியவர்களுக்கும், நீண்டகால ஊனம் உள்ளவர்களுக்கும் உரியது. உழைக்கும் காலத்தில் சம்பளத்தில் 1.45 சதவீதம் தொழிலாளியிடமும் அதே அளவு முதலாளியிடமும் இதற்காக வரி பிடிக்கிறார்கள். ஒருவரோ அவருடைய துணையோ பத்தாண்டு உழைத்து வரி கட்டியிருந்தால், மருத்துவமனைச் செலவுக்கான பகுதிக்குப் பிரீமியம் இல்லை. டாக்டர் கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கான பகுதிகளுக்கு மாதம்தோறும் கட்ட வேண்டும்.

இரண்டாவது மெடிகெய்டு. இது ஏழைகளுக்கு உரியது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவை ஏற்கின்றன, நடத்துவது மாநிலம். அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சற்றே கூடுதல் வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்காக 1997ல் தனித் திட்டம் ஒன்றும் வந்தது.

இவை இரண்டிலும் அரசு பணம்தான் கட்டுகிறது. வைத்தியம் பார்ப்பது பெரும்பாலும் தனியார் டாக்டர்களும் மருத்துவமனைகளும். அரசே மருத்துவமனை நடத்தி, டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பெரிய அமைப்பு, முன்னாள் படைவீரர்களுக்கானது. நியூயார்க்கின் பெல்வியூ, டல்லாஸின் பார்க்லேண்ட் போன்ற பொது மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி போல, சீட்டு எழுதிக்கொண்டு காசில்லாமல் பார்த்துவிட்டு வரும் இடம் அல்ல அவை. அங்கேயும் பில் உண்டு.

2010க்குப் பிறகு

வேலை வழியாகவும் கிடைக்காமல், அரசுத் திட்டத்திலும் சேராமல் நின்றவர்களுக்காக, அதிபர் ஒபாமா காலத்தில் 2010ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2014 முதல், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்ற காரணத்தால் காப்பீடு மறுக்கக் கூடாது. அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்கக் கூடாது. தனியாரிடம் காப்பீடு வாங்க அரசு ஒரு பொதுச் சந்தை அமைத்தது. வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்தில் உதவியும் தந்தது.

வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்கள் வரை மெடிகெய்டை விரிவாக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் 2012ல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 40 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. டெக்ஸாஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட பத்து மாநிலங்கள் ஏற்கவில்லை. டெக்ஸாஸில், சிறுபிள்ளைகள் இல்லாத, ஊனமும் இல்லாத ஒருவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்டு கிடைப்பதில்லை. எல்லை தாண்டிப் பக்கத்து லூசியானாவுக்குப் போனால் கிடைக்கும். நாடு ஒன்றுதான், ஏழ்மையும் ஒன்றுதான்.

அட்டை இருந்தாலும் செலவு உண்டு

காப்பீட்டு அட்டை இருந்தால் கவலை இல்லை என்று நினைப்பதும் தவறு. ஆண்டின் முதல் செலவுகளை நோயாளியே ஏற்க வேண்டும். அந்த வரம்புக்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். அதைத் தாண்டிய பிறகும் ஒரு பங்கு நோயாளியுடையது.

உதாரணமாக டிடக்டிபிள் 2,000 டாலர், அதற்குமேல் நோயாளியின் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு 12,000 டாலர் ஆனால், முதல் 2,000 அவருடையது. மீதி 10,000ல் 20 சதவீதம், இன்னொரு 2,000. ஆக, பிரீமியம் ஒழுங்காகக் கட்டிவந்தவரும் 4,000 டாலர் எடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் நோயாளி கட்ட வேண்டாம் என்ற உச்சவரம்பு இருப்பது ஒரு ஆறுதல்.

காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள டாக்டர்களின் பட்டியலுக்கு வெளியே போனாலும் செலவு கூடும். மருத்துவமனை பட்டியலில் இருக்கும். அங்கே மயக்க மருந்து கொடுத்த டாக்டர் பட்டியலில் இருக்க மாட்டார். இப்படி வந்த எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் அதற்குள் வரவில்லை.

விலையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரே சிகிச்சைக்கு மெடிகேர் தருவது ஒரு தொகை. காப்பீட்டு நிறுவனம் பேரம் பேசித் தருவது வேறொரு தொகை. காப்பீடே இல்லாதவரிடம் முதலில் நீட்டப்படுவது, பெரும்பாலும் இவை இரண்டையும்விடப் பெரிய பட்டியல் விலை. அவருக்காகப் பேரம் பேச யாரும் இல்லை என்பதே காரணம்.

எதுவும் இல்லாதவர் எங்கே போவார்?

1986ல் வந்த ஒரு சட்டத்தின்படி, மெடிகேர் பணம் பெறும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் நிலைமையைச் சீராக்க வேண்டும். பணம் இருக்கிறதா, எந்த நாட்டவர் என்பதெல்லாம் பொருட்டல்ல. அநேகமாக எல்லா மருத்துவமனைகளும் இதில் அடங்கும். ஆனால் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. பில் அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. நம் சகோதரரின் உம்மாவுக்கு நடந்ததும் இதுதான்.

அன்றாட வைத்தியத்துக்கு, அரசு நிதியில் நடக்கும் சமுதாயச் சுகாதார மையங்கள் உண்டு. 1965ல் பாஸ்டனிலும் மிசிசிப்பியிலும் தொடங்கிய முயற்சி இது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். இன்று ஆண்டுக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் இவற்றில் சிகிச்சை பெறுகிறார்கள். நம் சமுதாயத்தவரின் பங்கும் இதில் இருக்கிறது. 1992ல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் பாதிக்கப்பட்ட ஏழைப் பகுதியில் ஒரு மருத்துவமனை தேவை என்று முஸ்லிம் மருத்துவ மாணவர்கள் சிலர் முயன்று, 1996ல் 'உம்மா' கிளினிக்கைத் திறந்தார்கள். எல்லா மதத்தவரும் அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள்.

அங்குள்ள மருத்துவமனைகளில் ஏறத்தாழப் பாதி, லாப நோக்கம் இல்லாதவை என்று பதிவாகி வரிவிலக்குப் பெறுபவை. அதற்கு ஈடாக, ஏழை நோயாளிகளுக்குக் கட்டணக் குறைப்பு பற்றிய எழுத்து மூலமான விதி அவர்களிடம் இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் பில் தேதியிலிருந்து 240 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். இதைக் கேட்காதவர்களுக்குத் தெரிவதே இல்லை.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே பார்வையாளர் காப்பீடும் எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவுக்கு அது கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விலை குறைந்த பல திட்டங்கள், ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, டாக்டருக்கு இவ்வளவு என்று சிறு தொகைதான் தரும். மீதி நம் தலையில். அந்த உம்மாவுக்கு எடுத்திருந்ததும் அப்படிப்பட்டதுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் முன்பே இருந்தால் அதற்குப் பணம் உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் இல்லை, அல்லது வரம்போடு உண்டு. வழக்கமான மருந்துகளை டாக்டர் சீட்டோடு தங்கும் காலம் முழுமைக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகள் மூலம் கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாகப் போகும் பெற்றோர், 65 வயதானாலும் போனவுடன் மெடிகேர் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே பிரீமியம் கட்டிச் சேர முடியும். அதுவரை என்ன ஏற்பாடு என்பதைப் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பில் வந்துவிட்டால் பயந்து உடனே கட்டவும் வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். இனவாரியாக எழுதிய பில்லைக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு மருத்துவமனையின் உதவி விதியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அது பொருந்துமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். எதுவும் இல்லாவிட்டாலும் தவணை கேட்கலாம்.

அந்தச் சகோதரரிடம் இதைத்தான் சொன்னேன். அவருடைய தங்கை இப்போது விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. உம்மாவிடம் பில் விஷயத்தை வீட்டில் யாரும் சொல்லவில்லையாம். "தெரிந்தால், நான் போகாமலே இருந்திருக்கலாமே என்று அழுவார்கள்" என்றார் அவர். பேரனைக் கையில் வாங்கப் போன எந்த உம்மாவும் அப்படி நினைக்கும் நிலை வரக் கூடாது. பயணம் முடிவானதும், காப்பீட்டுத் தாளில் புரியாதது இருந்தால் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.