மலைக்குச் செல்லும் பிள்ளைகளும் உடன் செல்லும் நாயும்

சென்ற ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு மாலை, செபமாலை முடிந்து கோவில் கதவைச் சாத்தும் வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கலங்கிய முகத்துடன் வந்து நின்றார். "சாமி, எம் மகன் கூட்டாளிங்க ரெண்டு பேரோட மலைக்குப் போறானாம். கூடாரம் அடிச்சு ராத்திரி அங்கேயே தங்குவாங்களாம். போதாததுக்கு நாயையும் கூட்டிக்கிட்டுப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேட்பான்" என்றார்.

மறுநாள் அந்த இளைஞனை அழைத்துப் பேசினோம். காஞ்சி நெசவாளர் தெருவிலே பிறந்து, தந்தையோடு குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்பவன் அவன். "காலையில குழியில இறங்கினா சாயங்காலந்தான் எழுந்திருக்கிறோம் சாமி. கண்ணுக்கு எட்டின தூரம் ஒருநாளாவது பார்க்க வேணாமா?" என்று கேட்டான். அவனிடம் "போகாதே" என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், "போய் வா" என்று உடனே சொல்லவும் துணிவில்லை. ஏனெனில் நம் நினைவில் குரங்கணி நின்றது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்தின் அம்மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் வயதினர். அவர்களும் ஒரு நாளாவது உயரத்தில் நிற்க விரும்பிச் சென்றவர்களே.

ஆகவே அவனிடம் ஒன்று கூறினோம்: "தம்பி, பாவு ஒழுங்காக ஓடாத தறியில் நல்ல சேலை இறங்குமா? மலைப் பயணத்துக்கும் முதலில் பாவு போடுவோம், பிறகு நெய்யலாம்." அவன் சிரித்துவிட்டான். அன்று தொடங்கிய ஆயத்தத்தையே, இத்தகைய ஆசையுள்ள பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் அனைத்துக்கும் பயன்படும் என்றெண்ணி இங்கு எழுதுகிறோம்.

காலமும் இடமும்

முதலாவது, ஏப்ரல் மாதத்தைக் கைவிடச் செய்தோம். பிப்ரவரி நடுவிலிருந்து மழை தொடங்கும்வரை நம் மலைகளில் புல் காய்ந்து, ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரித் திங்களே புதியவர்க்கு ஏற்றது. வெயில் மிதமாக இருக்கும். நிலமும் ஈரம் காத்திருக்கும்.

இரண்டாவது, இடம். காப்புக்காடு என்பது கேட்பாரற்ற வெளியன்று. அனுமதியின்றி அதனுள் நுழைவதும், தீ மூட்டுவதும், இரவு தங்குவதும் சட்டப்படி குற்றம். முறையாகச் செல்ல விரும்புவோர்க்கு வழியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. காட்டை அறிந்த மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருகின்றனர். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும், திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரியின் சுவாமிமலையும் அப்பட்டியலில் உள்ளன. ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ளது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. காஞ்சியிலிருந்து வேலூர், வாணியம்பாடி வழியாக எளிதில் சென்றுவிடலாம். எனவே ஏலகிரியே முடிவாயிற்று.

நாயை அங்கே அழைத்துச் செல்லலாமா?

இவ்விடத்தில்தான் இளைஞனின் முகம் வாடியது. மணி என்னும் அவனது நாட்டு நாய்க்கு நான்கு வயது. தறிக்குழியின் விளிம்பிலேயே நாள் முழுதும் படுத்துக் கிடப்பது. "மணி இல்லாம நான் போகமாட்டேன்" என்றான்.

காப்புக்காட்டுக்குள் நாயைக் கொண்டுசெல்லக் கருதவே வேண்டாம் என்று அவனுக்கு விளக்கினோம். சிறுத்தை விரும்பி வேட்டையாடும் இரைகளுள் நாயும் ஒன்று. கரடியைக் கண்டால் நாய் குரைத்துச் சீண்டும். கரடி துரத்தினாலோ தன் தலைவனிடமே ஓடி வரும். கரடியும் பின்னால் வரும். காட்டு விலங்குகளுக்கு நாயால் வரும் தீங்கும் சிறியதன்று. 2018-இல் குசராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை சில வாரங்களுக்குள் மடிந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் நச்சுயிர் அவற்றுள் சிலவற்றில் கண்டறியப்பட்டது.

ஆனால் மலை முழுவதும் காடன்று. அங்கே ஊர்களும் வயல்களும் சாலைகளும் உண்டு. ஆகவே இப்படி ஏற்பாடாயிற்று: கூடாரம் அடிப்பது ஒரு விவசாயியின் சொந்த நிலத்தில், அவரது சம்மதத்துடன். மணி நடப்பது ஊர்ப்பாதைகளில், கழுத்துக் கயிற்றுடன். சுவாமிமலைக்கு வழிகாட்டியோடு இருவர் ஏறும்போது, மூன்றாமவன் மணியோடு கூடாரத்தில் இருப்பது. அந்த மூன்றாமவன் யார்? நாயின் சொந்தக்காரனே. உயரத்தைக் காணவேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவனும் அவனே. அவன் சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு "சரி சாமி" என்றான்.

தென்னேரிக் கரையில்

நாயையும் ஆயத்தம் செய்தல் வேண்டும். முதற்கண், கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று மாதக் குட்டியாயிருக்கையில் தொடங்கி ஆண்டுதோறும் அதனைப் போடவேண்டும். முதன்முறை போடுவதாயின் பயணத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாகப் போடவேண்டும். பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்தேற்றினார். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் நடைபெறுகிறது. இருந்தும் இந்நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. எந்த நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சவக்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். மலையூர் நாய்கள் அயல் நாயைக் கண்டால் பாயும். ஆதலால்தான் கழுத்துக் கயிறு இன்றியமையாதது.

அடுத்து, நடைப்பயிற்சி. திருப்பலி முடிந்த ஞாயிறுகளில் தென்னேரி ஏரிக்கரையில் மூவரும் மணியோடு நடக்கத் தொடங்கினர். நாமும் ஒருநாள் உடன் சென்றோம். அன்று திருமண மந்திரிப்பு ஒன்றால் நமக்கு நேரமாகிவிட, நடை தொடங்கவே ஒன்பது மணி ஆயிற்று. பத்து மணிக்கெல்லாம் மணி ஒரு வேலமர நிழலில் படுத்துவிட்டது. நாக்கு நீண்டு தொங்கியது, எச்சில் நூலாய் ஒழுகியது, கூப்பிட்டும் எழவில்லை. நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. இரைத்து இரைத்தே சூட்டைத் தணிக்கவேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறினோம். கால்மணி கழித்து அது எழுந்து நீர் பருகியது. அன்றைய நடையை அத்துடன் முடித்துக்கொண்டு திரும்பினோம். தவறு நம்முடையது. நம் தாமதத்துக்காக ஊமை உயிர் ஒன்று துன்புற்றது. அன்று முதல் காலை எட்டரைக்குள் நடையை முடிப்பதென்றும், புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியாவிடில் நாயை நடத்துவதில்லை என்றும் விதி செய்துகொண்டோம். குட்டிகளையும், மூக்குச் சப்பையான இனங்களையும், முதிர்ந்த நாய்களையும் மலைக்கு அழைத்துச் செல்லவே கூடாது.

கணக்கும் மூட்டையும்

மலையில் தூரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. 1892-இல் ஸ்காட்லாந்து நாட்டு நேஸ்மித் வகுத்த எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, ஏறும் 600 மீட்டருக்கு மேலும் ஒரு மணி. ஆறு கிலோமீட்டர் நடந்து 300 மீட்டர் ஏறவேண்டுமாயின் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி. புதியவர் அதனுடன் பாதியைக் கூட்டி இரண்டரை மணி என வைத்துக்கொள்ளட்டும். இருட்டுவதற்கு இரண்டு மணி முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடவேண்டும்.

மூட்டையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். 15 கிலோ எடையுள்ள நாய்க்கு வீட்டிலிருக்கும் நாளிலேயே ஏறத்தாழ ஒரு லிட்டர் வேண்டும். நடக்கும் நாளில் அது இரட்டிக்கும். தேங்கிய குட்டையில் அதனைக் குடிக்கவிடலாகாது. வெங்காயம், உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. எனவே நம் குழம்புச் சோற்றை அதற்கு இடாமல், வெறும் சோறும் வேகவைத்த இறைச்சியும் தனியே கொண்டுசெல்லுதல் நன்று. சனவரி இரவில் மலையில் குளிர் கடுமை; நாய்க்கும் ஒரு சாக்கும் பழந்துணியும் வேண்டும். கைவிளக்கு, விசில், உப்புச் சர்க்கரைப் பொடி, முதலுதவிப் பை, குப்பையைத் திரும்பக் கொணர ஒரு பை ஆகியன மறக்கலாகாதவை.

பாம்பை நினைந்து அஞ்சுவோர்க்கு ஒரு சொல். இருட்டில் வெறுங்காலுடன் நடவாதீர்கள். காலணியை உதறி அணியுங்கள். கூடார வாயிலை மூடியே வையுங்கள். கடித்துவிட்டாலோ, கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்கு விரையுங்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தே அதற்கான மாற்று மருந்து தயாராகிறது. நம் பகுதி எளிய மக்களின் உழைப்பு நாடெங்கும் உயிர் காக்கிறது என்பதை நன்றியுடன் நினைப்போம்.

வீட்டில் விட்டுச் சென்ற தாள்

இறுதியாக, மூவரையும் ஒரு தாளில் எழுதச் செய்தோம்: செல்லும் வழி, தங்கும் நிலத்தின் அடையாளம், வேனின் எண், திரும்பும் நாள், நேரம், எத்தனை மணிக்குள் வராவிடில் யாருக்குச் சொல்வது. அதனை அத்தாயிடம் தந்தபோது, அவர் திரு இருதய ஆண்டவர் படத்தின் பின்னே செருகி வைத்தார்.

இவ்வாண்டு சனவரியில் சென்று வந்தார்கள். ஞாயிறு மாலை ஏழு மணி என்று தாளில் எழுதியிருந்தது. ஆறு மணிக்கே வேன் தெருமுனையில் நின்றது. முதலில் குதித்தது மணிதான். "நீ உச்சிக்குப் போகலையே, வருத்தமா?" என்று அந்த இளைஞனைக் கேட்டோம். "விடியக்காலையில ஊர்ப்பாதை மேட்டுல நானும் மணியும் உட்கார்ந்திருந்தோம் சாமி. கீழே பனி ஏரி மாதிரி நின்னுச்சு. எனக்கு அது போதும்" என்றான்.

தோபித்து நூலில் இளைஞர் தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது, வானதூதர் ரபேலோடு நாயும் உடன் சென்றது. அவருடைய தாய் அன்னாவோ மகன் வரும் வழியைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார் என்றும் அந்நூல் கூறுகிறது. பிள்ளைகள் உயரங்களைக் காண விரும்புவது இயல்பு. தாய்மார் வழிபார்த்திருப்பதும் இயல்பு. ஆசையைத் தடுக்காமலும் அச்சத்தை இகழாமலும் இரண்டுக்கும் இடம் தரும் ஆயத்தத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக.